பெயர் சொல்லாத மூன்றாம் அழைப்பு

காகம் பேச, மேகம் அதற்குப் பதில் சொன்ன அந்தக் காலத்தில், மலைத்தொடருக்கு மேற்கே கடலோரமாக ஒரு துறைமுக ஊர் இருந்தது. மிளகு வாங்க வந்த கப்பல்களில் வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட யூதர்கள் அங்கே நூறு வீடுகளில் வாழ்ந்தார்கள். ஓடு வேய்ந்த ஜெப ஆலயம் ஒன்றையும் கட்டிக்கொண்டார்கள்.

ஓய்வுநாளான சனிக்கிழமைக் காலையில் தோரா என்னும் வேதச் சுருளை அதன் மரக்கூட்டோடு பேழையிலிருந்து எடுத்துவந்து மேடையில் நிறுத்துவார்கள். பிறகு ஏழு பேரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து ஒவ்வொருவராக அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் மேடையேறி, இறைவனைப் போற்றும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிற்பார். வாசிப்பவர் அவருக்கான பகுதியை வெள்ளிக்கோலால் வரி வரியாகத் தொட்டு வாசிப்பார். முடிந்ததும் அழைக்கப்பட்டவர் மறுபடி போற்றிவிட்டு இறங்கிப் போவார். வாரத்துக்கு ஒரு பங்காக, ஒரு வருஷத்தில் சுருள் முழுவதும் வாசித்து முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்று ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. மனப்பாடமாகத் தெரிந்தாலும் எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்த ஊரில் வாசிப்பவர் அசரியா. அவர் குரலைப் பற்றி வெளியூரிலும் பேச்சு இருந்தது. அவர் நன்றாக எடுத்து வாசிக்கும் நாளில் துறைமுகத்தில் கயிறு இழுப்பவர்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள் என்று சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். தினமும் காலையில் மிளகும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய நீரைக் குடித்துக் குரலைக் காப்பாற்றி வந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும் ஓய்வுநாளில் ஒரு கடினமான பகுதி வரும். முதலில் நல்ல வார்த்தைகள்: கட்டளைப்படி நடந்தால் பருவத்தில் மழை, மரத்தில் காய், பயமில்லாத தூக்கம். அடுத்துச் சாபங்கள்: நடக்காவிட்டால் என்னவெல்லாம் ஆகும் என்று. வானம் இரும்பாகும். விதைத்ததை வேறு யாரோ தின்பார்கள். காட்டு மிருகம் ஊருக்குள் வரும். இலை அசையும் சத்தத்துக்கே மனிதன் விழுந்தடித்து ஓடுவான். இவை நீளமாகப் போகும்.

நல்ல வார்த்தைகள் முதல் இரண்டு அழைப்புகளில் முடிந்துவிடும். முதல் அழைப்பு குருக்களின் வம்சத்தாருக்கு, இரண்டாவது லேவியின் வம்சத்தாருக்கு. அது பிறப்பால் வரும் உரிமை. மூன்றாவது மற்றவர்களுக்கு. சாபங்கள் முழுவதும் அந்த மூன்றாவது ஆளின் தலையில் வந்து விடியும்.

விடியும் என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் நப்தலி. அவர் நாற்றங்காலில் விதைத்த நெல்லை மைனாக்கள் வரிசையாக நடந்து வந்து ஒரு மணி விடாமல் தின்றுவிட்டுப் போயின. மறுபடி விதைத்தார். மறுபடியும் வந்தன. போன வருஷம் எல்லோரும் வர மறுத்ததால், ஜெப ஆலயத்தில் விளக்குத் துடைத்துப் பெஞ்சு துடைக்கும் தோபியாவை அழைத்தார்கள். மறுநாளிலிருந்து தோபியா இலைச் சத்தத்துக்கு ஓட ஆரம்பித்தான்.

தென்னையும் பலாவும் நிறைந்த ஊரில் இலைச் சத்தத்துக்கு ஓடுகிறவன் எங்கே போவான்? அவன் வீட்டுக்கும் ஜெப ஆலயத்துக்கும் நடுவில் பதினோரு தென்னைகள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பதினோரு மரத்தையும் தாண்டி வருவான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையால் சைகை காட்ட வேண்டும். பெண் பார்த்திருந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போதாததற்கு அந்த வருஷம் மழையும் நாற்பது நாள் தள்ளி வந்தது.

இந்த வருஷம் அந்த ஓய்வுநாள் நெருங்கியபோது ஆண்கள் பலருக்கு ஊரில் இருக்க முடியாத வேலைகள் வந்தன. மிளகுக் கொடி பார்க்க மலைக்குப் போகிறேன் என்றார் ஒருவர். தாங்கள் உண்மையில் லேவியின் வம்சம்தான் என்று தாத்தா சொன்னது திடீரென்று ஞாபகம் வந்ததாக இன்னொருவர் சொன்னார். அழைக்கும் பொறுப்பு சபைத் தலைவர் எபிராயீமுடையது. அவர் வியாழக்கிழமை அசரியாவிடம் வந்தார்.

"தோபியாவையே கூப்பிட்டுடலாம்," என்றார்.

"போன வருஷமும் அவன்தானே?"

"அதனாலதான் சொல்றேன். நனைஞ்சவனுக்கு இன்னும் என்ன நனையறது? புதுசா ஒரு குடும்பம் எதுக்குக் கெடணும்?" எபிராயீம் கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்லும்போது அவர் அசரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தோபியா அசரியாவின் மனைவி ரிப்காவுடைய தம்பி. வெள்ளிக்கிழமை முற்பகல், ஓய்வுநாளுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"மறுபடியும் என் தம்பிதானாம்?"

"எபிராயீம் முடிவு பண்ணியிருக்கார்."

"அவர் பேரைச் சொல்வார். அவ்வளவுதான். அப்புறம் வாசிக்கறது யாரு?"

அசரியா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாசிக்க வேண்டிய பகுதியை வெள்ளிக்கிழமை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். கிணற்றில் தண்ணீர் அடியில் ஒரு தட்டளவு மினுங்கியது. கடலுக்கு மேலே மேகம் வந்து நான்கு நாளாக அசையாமல் நின்றது. வலைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

அவர் சாபப் பகுதியை ஆரம்பித்தார். குரல் தானாக எழுந்தது. கிணற்றுக்குள் இறங்கி எதிரொலித்து மேலே வந்தது. உண்மையைச் சொன்னால், வருஷம் முழுவதும் உள்ள பகுதிகளில் அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான். நல்ல வார்த்தைகளை யாரும் வாசித்துவிடலாம். இதில்தான் குரலுக்கு வேலை இருந்தது: எங்கே இடிக்க வேண்டும், எங்கே நீட்ட வேண்டும், எங்கே நிறுத்திக் கூட்டத்தைக் கலங்கவைக்க வேண்டும் என்று. பயந்தால்தான் திருந்துவார்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். வாசித்து முடித்தபின் பெண்கள் மாடத்திலிருந்து விசும்பல் கேட்கும். அது காதில் விழும் நிமிஷத்தில் அவருக்கு உண்டாகும் திருப்தியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

"இரும்புங்கிற இடத்துல போன வருஷம் இன்னும் கொஞ்சம் நீட்டினீங்க," என்றது ஒரு குரல்.

கிணற்றுத் துலாவின் மேல் காகம் உட்கார்ந்திருந்தது. ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தின் தெற்கு ஜன்னலில் வந்து உட்காரும் அதே காகம்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் அசரியா. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இல்லாம? நான் கேட்டுச் சொன்னாத்தானே மத்தவங்களுக்குத் தெரியும். மேகம் தூரத்துல நிக்குது. மைனாவுக்குப் பொறுமை கிடையாது. நான்தான் கேட்டுக்கிட்டுப் போய் ஆளாளுக்கு வேலை சொல்றது."

"என்ன வேலை?"

காகம் அவரை வினோதமாகப் பார்த்தது. "நீங்க சொல்ற வேலைதான். முதல்ல ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தறீங்க. அவன் யாரு, யார் மகன்னு எல்லாம் தெளிவாச் சொல்றீங்க. அப்புறம் அவனுக்கு என்னென்ன ஆகணும்னு ஒவ்வொண்ணா வாசிக்கிறீங்க. நாங்களும் ஒண்ணு விடாம செஞ்சுட்டுத்தான் வர்றோம். ஏன், ஏதாவது குறையா?"

அசரியா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். வாளி கையிலிருந்து இறங்கியது.

"அது உத்தரவு இல்லைப்பா. எச்சரிக்கை. அப்படி நடந்துடக் கூடாதுன்னு வாசிக்கிறது."

"அப்படியா," என்றது காகம். அது நம்பியதாகத் தெரியவில்லை. "நடக்கக் கூடாதுன்னு நினைக்கிறவர் அவ்வளவு ஆசையா வாசிக்க மாட்டாரே."

அசரியாவுக்குக் காது சூடாகியது. பேச்சை மாற்றிக் கேட்டார்: "முதல்ல வர்ற நல்லதெல்லாம் உனக்குக் கேட்கறதில்லையா? மழை, விளைச்சல்?"

"கேட்கும். அதை மெதுவா, தாலாட்டு மாதிரி சொல்லிட்டுப் போயிடுவீங்க. மேகம் கிளம்பலாம்னு பார்க்கும். அதுக்குள்ள மூணாவது ஆளைக் கூப்பிட்டு இடி இடிக்கிற மாதிரி வேற சொல்லுவீங்க. கடைசியாச் சொன்ன உத்தரவுதானே உத்தரவு. போன வருஷம் நானே போய் நிறுத்தினேன். போகாதே, இரும்பா இருக்கணுமாம்னு. அதுவும் நாற்பது நாள் பிடிச்சு நின்னுச்சு. அதுக்கு மேல முடியலைன்னு அழுதே விட்டுடுச்சு."

"நீ நாளைக்கு வராம இருக்கலாமே?"

"நான் வராட்டி அணில் வரும். அது பாதி கேட்கும், பாதியைத் தானாச் சேர்த்துக்கும். பரவாயில்லையா?"

"தோபியா? அவனுக்கு எத்தனை நாள் இப்படி?"

"அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும். நாளையோட கணக்கு முடியுது. நாளைக்கு யார் பேரு?"

காகம் சற்றுக் காத்திருந்துவிட்டுப் பறந்துபோனது.

அவர் வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தார். ரிப்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்தத் திருப்தியைப் பற்றிக்கூட. அவள் அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பகுதியை விட்டுட முடியாதா?"

"ஒரு எழுத்தை விட்டாலும் வாசிச்சதாகாது."

"ஜன்னலைச் சாத்தினா?"

"இந்த வெயில்லயா? நூறு பேர் மயங்கி விழுவாங்க. ஓட்டு இடுக்கு வேற இருக்கு."

"அப்ப மெதுவா வாசிங்க. நல்லதுக்குத் தாலாட்டு, கெட்டதுக்கு இடின்னு வச்சிருக்கீங்கள்ல, அதை அப்படியே மாத்திப் போடுங்க."

"உள்ளே இருக்கறவங்களுக்குக் கேட்டாகணுமே. கேட்கலைன்னாலும் தப்புதான்."

"இதோ, அந்த இன்னொரு அடுப்புல சோறு கொதிக்கிற சத்தம் உங்களுக்குக் கேட்குதா? வாசல்ல நிக்கறவனுக்குக் கேட்குமா? அந்த அளவு போதும்." பிறகு அவளே சொன்னாள்: "ஆனா பேர்? எபிராயீம் பேரைச் சொல்லிட்டா போச்சே. அவர் சத்தமும் சின்னச் சத்தம் இல்லை."

அழைக்காமல் யாரும் மேடைக்கு வர முடியாது. யாரும் வராவிட்டால் வாசிக்க முடியாது.

"கூப்பிடாமலேயே அங்க நிக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான்," என்றார் அசரியா.

ரிப்காவுக்குப் புரிந்தது. "காகத்துக்குக் கேட்டுட்டா? உங்களை அதுக்கு நல்லாத் தெரியும். பேரே சொல்ல வேண்டாம்."

"வாசிக்கிறவன் எந்நேரமும் அங்கதான் நிக்கிறான். வருஷம் பூரா என்னைப் பார்க்குது. நிக்கிறவனைத் தேடாது, கூப்பிடற பேரைத்தான் தேடும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க," என்றாள் ரிப்கா. எழுந்துபோய்ப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

மறுநாள் காலை ஜெப ஆலயத்தில் பெஞ்சுகள் பாதி காலி. வந்தவர்களும் மேடையிலிருந்து கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தோபியா மட்டும், காதில் பஞ்சோடு, முதல் பெஞ்சின் ஓரத்தில் நேராக உட்கார்ந்திருந்தான். யாரோ சைகையில் அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். தெற்கு ஜன்னலில் காகம் வந்து உட்கார்ந்து சிறகை மடித்தது.

முதல் அழைப்பு. குருக்கள் வம்சத்துக் கிழவர் ஒருவர் ஏறினார். அசரியா வாய் திறந்ததும் எபிராயீம் திடுக்கிட்டுத் திரும்பினார். பருவத்தில் மழை வரும் என்ற இடத்தை அசரியா இடி போல வாசித்தார். மரத்தில் காய் என்பதை நீட்டினார், அது கூரை வரைக்கும் போய் நின்றது. இரண்டாவது அழைப்பிலும் அப்படியே. பயமில்லாமல் படுத்துத் தூங்குவீர்கள் என்ற இடத்தில் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார். காகம் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டியது.

லேவி வம்சத்தார் போற்றி முடித்து இறங்கினார். எபிராயீம் மூன்றாவது பெயரைச் சொல்ல மூச்சை இழுத்தார். முதல் பெஞ்சில் தோபியா எழுந்துகொள்ளக் கையை ஊன்றினான்.

பெயர் வெளியே வருவதற்குள் அசரியா சுருளின் விளிம்பைத் துணியால் தொட்டு, தானே போற்றும் வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்த வாக்கியத்துக்கு நடுவே யாரும் பேசக் கூடாது. எபிராயீமின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

வெள்ளிக்கோல் வரியில் இறங்கியது. அசரியா சோறு கொதிக்கும் அளவுக்குக் குரலை வைத்துக்கொண்டு வாசித்தார். நிறுத்தாமல், நீட்டாமல், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மட்டும் மூச்சு வாங்கி. எபிராயீம் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை அறியாமல் முன்னால் சாய்ந்தார்கள். அத்தனை வருஷம் அந்த இடத்தில் பின்னால் சாய்ந்து ஒடுங்கிக்கொள்பவர்கள் அவர்கள்.

காகம் ஜன்னல் கம்பி வழியே தலையை உள்ளே விட்டது. "யாரு வந்திருக்கா?" என்று பக்கத்தில் இருந்த அணிலைக் கேட்டது. "பேர் சொல்லலியே."

"யாரும் வரலை," என்றது அணில். "அவர் வழக்கமா நிக்கிறவர்தானே."

"என்ன சொல்றார்?"

"முனகறார். வயிறு சரியில்லை போல."

வானம் இரும்பாகும் இடம் வந்தது. அசரியாவின் தொண்டை பழக்கத்தில் தானே திறந்துகொண்டது. இருபது வருஷமாக அந்த ஒரு சொல்லை எழுப்பிய தொண்டை. பாதிச் சொல் கொஞ்சம் கனத்து வெளியே வந்துவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மீதியைத் தணித்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மேடையில் விழுந்தது.

"இரும்புன்னார்," என்றது காகம். "யாருக்கு இரும்பு?" தலையை இடதுபக்கம் சாய்த்துக் கேட்டது. பிறகு வலதுபக்கம் சாய்த்துக் கேட்டது. உள்ளே சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

மிருகங்கள் போயின. இலை போனது. எல்லாம் முடிந்து, இறைவன் பழைய உடன்படிக்கையை மறக்க மாட்டார் என்ற இடம் வந்ததும் அசரியா நிமிர்ந்தார். அதை மட்டும் முழுக்குரலில் வாசித்தார். முடிவுப் போற்றுதலையும் அதே குரலில் சொன்னார். காகம் அவர்மேல் வந்து விழும் என்றோ தரை பிளக்கும் என்றோ ஒரு நொடி காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலில் காகம் இல்லை.

அது கடலுக்கு மேல் போயிருந்தது.

"என்ன உத்தரவு?" என்றது மேகம். அது களைத்துப்போயிருந்தது.

"ரெண்டு பேரைக் கூப்பிட்டாங்க. பருவத்துல மழை, மரத்துல காய், பயமில்லாத தூக்கம். ரொம்பத் தெளிவாச் சொன்னார். நடுவுல ஆளுக்கு உடம்பு சரியில்லை, என்னமோ முனகினார், பேரும் இல்லை. கடைசியில மறுபடியும் நல்ல வார்த்தை."

"இரும்பு?"

காகம் தயங்கியது. "இரும்புன்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. யாருக்குன்னு தெரியலை. விலாசமில்லாத வேலையை எப்படிச் செய்யறது?"

"அப்ப நான் போகலாமா?"

"போயேன்," என்றது காகம்.

ஆறாவது ஆள் மேடையில் நிற்கும்போது கூடத்தில் வெளிச்சம் குறைந்தது. முதலில் மண்ணின் வாசனை வந்தது. பிறகு ஓட்டின்மேல் நாலைந்து தட்டல்கள். பிறகு எண்ண முடியாத அளவுக்கு. பெண்கள் மாடத்தில் யாரோ சிரித்தார்கள். வெளியே காற்றில் ஒரு தென்னைமட்டை பிய்த்துக்கொண்டு விழுந்தது. எல்லோரும் தோபியாவைப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்தபடியே இருந்தான். எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். மழையைக் கேட்டான். அவன் முகம் மெல்ல மாறுவதை மாடத்திலிருந்து ரிப்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது அழைப்புக்கான பகுதியில் ஒன்றுமே இல்லை. ஆட்டுமந்தையும் மாட்டுமந்தையும் மேய்ப்பனின் கோலுக்குக் கீழே போகும்போது பத்தாவதை எப்படி ஒதுக்குவது என்ற விதிகள். யாரும் கவனித்துக் கேட்டதில்லை. ஆனால் ஓட்டின்மேல் மழை அடித்த அடியில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது. அசரியா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இருபது வருஷமாகச் சாபங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த குரல் முழுவதையும் அந்த ஆடுமாடுகளுக்குக் கொடுத்தார். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கூடத்தைக் கடந்து போவது போல இருந்தது. அதற்கு முன்னால் யாரும் ஆடுகளைப் பற்றிக் கேட்டுக் கண் கலங்கியதில்லை.

சுருளைப் பேழையில் வைத்த பின் எபிராயீம் அருகே வந்தார்.

"என்னய்யா, என் வேலையையும் சேர்த்து நீரே பார்த்துட்டீர்?"

"கோபமா?"

"கோபமா?" எபிராயீம் தலைப்பாகையை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பேரைச் சொல்லணுமேன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை. அடுத்த வருஷமும் நீரே பாரும். அதுக்கடுத்த வருஷமும் நீரே பாரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இரும்புங்கிற இடத்துல கொஞ்சம் ஏறிடுச்சு," என்றார்.

"தெரியும்," என்றார் அசரியா.

மழை ஓய்கிற மாதிரி இல்லை. நனையாமல் வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் நினைக்கவும் இல்லை. எல்லோரும் வாசலைத் தாண்டி நேராக அதற்குள் நடந்தார்கள்.

சாபப் பகுதி வரும் நாளில் மூன்றாவதாக யார் பெயரையும் சொல்லாமல் இருப்பதும், வாசிப்பவரே அதைத் தன்மேல் ஏற்று, தணிந்த குரலில் எங்கும் நிறுத்தாமல் வாசித்துப் போய், ஒரு நல்ல வார்த்தையில் குரலை உயர்த்தி முடிப்பதும் அந்த ஓய்வுநாளிலிருந்து வந்த வழக்கம்தான். ஜன்னலில் வந்து உட்காரும் காகம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கியதும் அன்றுதான். சொல்லாமல் விட்ட அந்தப் பெயர் யாருடையது என்று அதற்கு இன்றுவரை பிடிபடவில்லை.